கீரை ஊரின் வெளிநடப்பு

டெக்சஸின் சின்ன ஊர்களில் வெள்ளிக்கிழமை இரவுகள் பள்ளிக் கால்பந்துக்குச் சொந்தம். ஆடுவது பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள்தான். ஆனாலும் ஊரே திரண்டு வந்துவிடும். பண்ணைக்காரர், வங்கி மேலாளர், மருந்துக்கடைக்காரர், நீதிபதி என்று எல்லாரும் அங்கே இருப்பார்கள். மைதானத்தின் ஓரத்தில் நின்று குதித்தும் கூவியும் தங்கள் அணிக்கு உற்சாகம் ஏற்றும் மாணவிகளுக்கு சியர்லீடர் என்று பெயர். வெளியூரிலிருந்து வந்து பார்க்கிறவருக்கு அது விளையாட்டோடு சேர்ந்த ஓர் அலங்காரம், அவ்வளவுதான். உள்ளூர்க்காரர் அதை வேறு மாதிரி பார்ப்பார். யார் வீட்டுப் பெண் அங்கே நிற்கிறாள் என்பதை வைத்தே எந்தக் குடும்பத்துக்கு ஊரில் என்ன மதிப்பு என்று சொல்லிவிடலாம்.

சான் அன்டோனியோவுக்குத் தென்மேற்கே, மெக்சிகோ எல்லைக்கு அருகில் இருக்கிறது கிரிஸ்டல் சிட்டி. அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் 1969ஆம் ஆண்டு படித்தவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் மெக்சிக வம்சாவளியினர். சியர்லீடர் இடங்கள் நான்கு. அவற்றில் மூன்று ஆங்கிலோ, அதாவது ஆங்கிலம் பேசும் வெள்ளையினப் பெண்களுக்கு, ஒன்று மெக்சிகப் பெண்ணுக்கு. இந்தக் கணக்கு எந்தக் காகிதத்திலும் எழுதப்படவில்லை. ஆசிரியர் குழு ஒன்று ஆண்டுதோறும் அப்படியே தேர்ந்தெடுத்து வந்தது. அந்த ஆண்டு இரண்டு இடங்கள் காலியாயின. டயானா பலாசியோஸ் என்ற மாணவி போட்டியிட்டார், கிடைக்கவில்லை. ஏற்கெனவே ஒரு மெக்சிகப் பெண் இருந்தாள், ஒதுக்கீடு நிரம்பிவிட்டது.

அமெரிக்க லத்தீனோக்களின் அரசியல் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸின் திராட்சைப் புறக்கணிப்பிலிருந்தோ, 1968இல் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளிகளில் நடந்த வெளிநடப்பிலிருந்தோ தொடங்குவார்கள். அவை பெரிய நிகழ்வுகள், சந்தேகமில்லை. ஆனால் பெரும்பான்மையாக இருக்கும் ஒரு கூட்டம் தன்னைச் சிறுபான்மை என்று எப்படி நம்பப் பழகுகிறது, அந்த நம்பிக்கை எந்த இடத்தில் உடைகிறது, உடைந்த பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க கிரிஸ்டல் சிட்டி அளவுக்குத் தோதான ஊர் வேறில்லை.

சுமார் ஒன்பதாயிரம் பேர் வாழ்ந்த ஊர் அது. பாலக்கீரைதான் பிழைப்பு. 'உலகத்தின் கீரைத் தலைநகர்' என்று தன்னையே அழைத்துக்கொண்டு, கீரை தின்று பலம் பெறும் கார்ட்டூன் மாலுமி பாப்பாய்க்கு 1937இல் சிலையும் வைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ஜப்பானிய, ஜெர்மானியக் குடும்பங்களைப் பிள்ளைகுட்டிகளோடு அடைத்து வைத்த முகாம் ஒன்றும் இங்கேதான் இருந்தது. போருக்குப் பிறகு டெல் மான்டே கம்பெனியின் டின் உணவுத் தொழிற்சாலை வந்தது. ஊர் அமைந்துள்ள கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, சவாலா என்று பெயர். டெக்சஸ் தனி நாடாக இருந்தபோது அதன் முதல் துணை ஜனாதிபதியாக இருந்த லொரென்ஸோ தெ சவாலாவின் நினைவாக வைத்தது. அவர் பிறந்தது மெக்சிகோவின் யூக்கடானில். ஒரு மெக்சிகரின் பெயரைத் தாங்கிய மண்ணில் மெக்சிகர்களுக்கு நகரசபை இடம் மட்டும் கிடைக்காமல் இருந்தது.

கீரை குளிர்காலப் பயிர். வசந்தம் வந்ததும் குடும்பம் குடும்பமாக லாரியில் ஏறி, மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் என்று வடக்கே சர்க்கரை பீட் வயல்களிலும் வெள்ளரி வயல்களிலும் வேலை செய்யப் போய்விடுவார்கள். திரும்பி வருவதற்குள் பள்ளி திறந்து இரண்டு மாதம் ஓடியிருக்கும். தேர்வுக்கு முன்பே போய், பாடம் தொடங்கிய பிறகு வரும் பிள்ளைக்குப் படிப்பு எப்படி ஏறும்? அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தாய்மொழியில் வாய் திறந்தாலும் குற்றம். ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பாடம் நடத்துவதைக் குற்றமாக்கும் சட்டம் 1918 முதல் டெக்சஸில் இருந்தது. 1969இல்தான் அது நீங்கியது.

பக்கத்துக் கவுண்டியில் இருக்கிறது கொட்டுல்லா. அங்கே மெக்சிகப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பள்ளியில் 1928இல் ஓர் இருபது வயது இளைஞர் ஆசிரியராக வேலை பார்த்தார். பெயர் லிண்டன் ஜான்சன். பின்னாளில் ஜனாதிபதியாகி, 1965 மார்ச்சில் வாக்குரிமைச் சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் பேசியபோது, காலைச் சாப்பாடு இல்லாமல் வகுப்புக்கு வந்த அந்தப் பிள்ளைகளை அவர் நினைவுகூர்ந்தார். மனம் நெகிழ வைத்த பேச்சு. விளையாட்டு மைதானத்தில் ஸ்பானிய மொழி காதில் விழுந்தால் இதே ஜான்சன் பையன்களை அடிப்பார் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. பிள்ளைகள் மேல் அவருக்கிருந்த பரிவில் பொய் இல்லை. அடித்ததும் அந்தப் பரிவில்தான் என்பதுதான் இதில் சங்கடம்.

கிரிஸ்டல் சிட்டியில் அப்போது பெரும்பான்மைக்கு ஏன் ஒரு நாற்காலிகூட இல்லை? ஒரு காரணம் 1.75 டாலர். வாக்களிக்க விரும்புகிறவர் அந்தத் தொகையை ஜனவரி மாத முடிவுக்குள் வரியாகக் கட்டியாக வேண்டியிருந்தது. நவம்பர் தேர்தலுக்கான பணத்தை, கீரை வயலில் குனிந்து நிற்கும் காலத்திலேயே எடுத்து வைக்க வேண்டியிருந்தது. கூலிக்காரக் குடும்பத்தில் கணவன் மனைவி இருவருக்குமாக மூன்றரை டாலர். யாருக்கு வாக்களிப்பது என்ற கேள்வி வருவதற்கு முன்பே வாக்களிப்பதா வேண்டாமா என்று அடுப்படியில் முடிவாகிவிடும்.

1963இல் டெல் மான்டே ஆலைத் தொழிலாளர் சங்கமும் ஸ்பானிய மொழியினரின் அரசியல் கூட்டமைப்பு ஒன்றும் சேர்ந்து வீடு வீடாகப் போய் இந்த வரியைக் கட்ட வைத்தன. ஏப்ரலில் நடந்த நகரசபைத் தேர்தலில் ஐந்து இடங்களையும் ஐந்து மெக்சிக அமெரிக்கர்கள் பிடித்தார்கள். 'லோஸ் சிங்கோ', அதாவது அந்த ஐவர், என்று வரலாறு அவர்களைக் குறிப்பிடுகிறது. ஆலைச் சங்கத்தைச் சேர்ந்த ஹுவான் கோர்னெஹோ மேயரானார். வென்ற கையோடு ஒருவருக்கு வேலை போயிற்று, இன்னொருவருக்குக் கூலி குறைந்தது. டெக்சஸ் ரேஞ்சர் படையின் கேப்டன் தன்னை அடித்ததாக மேயரே புகார் செய்தார். நிர்வாக அனுபவம் இல்லாமலும், வெளியிலிருந்து வந்த ஆதரவு கலைந்துபோனதாலும், ஐவரும் தங்களுக்குள்ளேயே பிரிந்ததாலும் 1965இல் ஆட்சி கைவிட்டுப் போனது. ஆங்கிலோக்கள் இம்முறை தங்களுக்கு இசைவான மெக்சிகர்களையும் சேர்த்துக்கொண்டு வந்து வென்றார்கள். சாமர்த்தியமான ஏற்பாடு. பெயர்ப்பலகையைப் பார்த்தால் பிரதிநிதித்துவம் இருப்பது போலவே தெரியும்.

அந்த 1963 கூட்டங்களில் மேடையேறிப் பேசியவர்களில் பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவர் ஒருவரும் உண்டு. ஹோசே ஆன்ஹெல் குத்தியேரெஸ். உள்ளூர் மருத்துவரின் மகன். அப்பா இருந்தவரை ஆங்கிலோ கடைக்காரர்கள் மரியாதையாக நடத்தினார்கள். பன்னிரண்டு வயதில் அப்பா இறந்ததும் அம்மாவும் பிள்ளையும் மற்ற மெக்சிகர்களைப் போலவே கூலி வயலுக்குப் போக வேண்டியதாயிற்று. ஒரே ஊரில் இரண்டு ஊர்களையும் வாழ்ந்து பார்த்தவர். 1967இல் சான் அன்டோனியோவில் நண்பர்கள் நால்வரோடு சேர்ந்து 'மாயோ' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட மெக்சிக அமெரிக்க இளைஞர் அமைப்பைத் தொடங்கினார். அவருடைய பேச்சில் சூடு அதிகம். 1969இல் கிரிங்கோக்களை, அதாவது வெள்ளையர்களை, ஒழிக்க வேண்டும் என்று பத்திரிகையாளர்களிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அவரைக் கடுமையாகத் தாக்கியவர்களில் முதன்மையானவர் ஒரு மெக்சிக அமெரிக்கர்தான்: டெக்சஸிலிருந்து அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குப் போன முதல் மெக்சிக அமெரிக்கரான ஹென்றி பி. கொன்ஸாலெஸ். ஒரு சமூகத்துக்கு ஒரே குரல்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்தச் சண்டையைக் கண்டு வருந்தலாம். இத்தனை வேறுபாடு இருப்பதே ஒரு சமூகம் அரசியலில் வளர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம் என்றும் கொள்ளலாம்.

குத்தியேரெஸும் மனைவி லூசும் 1969இல் ஊர் திரும்பியபோது சியர்லீடர் விவகாரம் புகைந்துகொண்டிருந்தது. அதில் எண்ணெய் வார்த்தது வேறொரு விதி. கால்பந்து விழாவின் அழகுராணியாக நிற்க வேண்டுமானால் பெண்ணின் பெற்றோரில் ஒருவராவது இதே பள்ளியில் படித்துத் தேறியவராக இருக்க வேண்டும் என்று பழைய மாணவர் சங்கம் அறிவித்தது. விதியில் இனம் பற்றி ஒரு சொல் கிடையாது. ஆனால் மெக்சிகப் பெற்றோரில் எத்தனை பேர் உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்தார்கள்? நேற்று படிக்க விடாமல் தடுத்ததையே இன்று தகுதிக் குறைவாகக் காட்டும் இந்த உத்தி எந்த நாட்டில் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் பழக்கமானதுதான்.

செவெரீட்டா லாரா என்ற மாணவி இதை எதிர்த்துத் துண்டறிக்கை கொடுத்தார். பள்ளி அவரை இடைநீக்கம் செய்தது. மாணவர்கள் கோரிக்கைப் பட்டியல் தயாரித்தார்கள். சியர்லீடரை மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், இருமொழிக் கல்வி வேண்டும், மெக்சிக அமெரிக்க ஆசிரியர்களும் ஆலோசகர்களும் வேண்டும், ஸ்பானிய மொழி பேசினால் தண்டிக்கக் கூடாது. பள்ளி வாரியம் காது கொடுக்கவில்லை. டிசம்பர் 9ஆம் தேதி வெளிநடப்பு தொடங்கியது. உயர்நிலைப் பள்ளியில் ஆரம்பித்து, நடுநிலைக்கும் ஆரம்பப் பள்ளிக்கும் பரவி, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் சுமார் 1,700 பிள்ளைகள் வெளியே இருந்தார்கள்.

அவர்களின் கணக்கு நுட்பமானது. டெக்சஸில் மாநில அரசு பள்ளிகளுக்குத் தரும் பணம், சராசரியாக ஒரு நாளில் எத்தனை பேர் வகுப்பில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. காலி பெஞ்சு ஒவ்வொன்றும் வாரியத்துக்கு நஷ்டம். மெக்சிகப் பிள்ளை படித்தானா இல்லையா என்று கவலைப்படாத அலுவலகத்துக்கு, அவன் வரவில்லை என்பது முதல் தடவையாக ஒரு கவலையாயிற்று.

லாராவும் மரியோ ட்ரெவின்யோவும் டயானா செர்னாவும் வாஷிங்டனுக்கே போய் செனட்டர்களைச் சந்தித்தார்கள். மத்திய அரசின் நீதித்துறை சமரசப் பேச்சுக்கு ஆள் அனுப்பியது. விடுமுறை நாட்களில் வெளியூர் ஆசிரியர்கள் வந்து, வெளிநடப்புச் செய்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். ஜனவரி தொடக்கத்தில் வாரியம் பெரும்பாலான கோரிக்கைகளுக்கு இணங்கியது.

போராட்டத்தை நடத்திய மாணவர்களில் ஒருவருக்கும் வாக்குரிமை இல்லை. அப்போது வாக்களிக்கும் வயது இருபத்தொன்று. பிள்ளைகள் கிளம்பிய பிறகுதான் பெற்றோர்கள் 'சியுதாதானோஸ் உனிதோஸ்' என்ற அமைப்பாகத் திரண்டார்கள். முதலில் ஆண்கள் மட்டும் கூடிப் பேசியிருக்கிறார்கள். லூஸ் குத்தியேரெஸ், வர்ஜீனியா மூஸ்கிஸ் முதலான பெண்கள் நேராகக் கூட்டத்துக்கே வந்து தங்களுக்கும் இடம் கேட்டு வாங்கினார்கள்.

1970 ஜனவரி 17 அன்று 'லா ராசா உனிடா' கட்சி பிறந்தது. ஏப்ரலில் நடந்த பள்ளி வாரியத் தேர்தலில் மூன்று இடங்களை வென்று, ஏற்கெனவே உள்ளே இருந்த ஒருவரின் ஆதரவோடு ஏழு பேர் கொண்ட வாரியம் அவர்கள் வசமானது. இருபத்தைந்து வயது குத்தியேரெஸ் அதன் தலைவர். நகரசபையிலும் இடங்கள் கிடைத்தன. கொட்டுல்லாவில் ஒரு மெக்சிக அமெரிக்கர் மேயரானார்.

பள்ளியின் முகம் மாறியது. ஆரம்ப வகுப்புகளில் இருமொழிப் பாடம், இலவசச் சாப்பாடு, மெக்சிக அமெரிக்க ஆசிரியர்கள், மெக்சிக வரலாறு, செப்டம்பர் 16ஆம் தேதி மெக்சிக விடுதலை நாள் விடுமுறை. கால்பந்து இடைவேளையில் அறிவிப்புகள் இரண்டு மொழிகளிலும் வந்தன. ஆங்கிலோ குடும்பங்கள் பல பிள்ளைகளை விலக்கிக்கொண்டன. ஆசிரியர்கள் பலர் வேலையை விட்டுப் போனார்கள். அவர்களில் சிலருடைய மனத்தாங்கல் உண்மையானது, அதை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் தங்களுக்குப் புரியாத மொழியில் அறிவிப்பைக் கேட்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எதிர்ப்பக்கம் இருந்தவர்களுக்கு ஐம்பது வருஷமாகத் தெரியும்.

கட்சி மாநிலம் முழுக்கப் போனது. 1972இல் ராம்சி முன்யிஸ் என்ற இளம் வழக்கறிஞர் ஆளுநர் பதவிக்கு நின்று ஆறு சதவீதத்துக்கும் மேல், இரண்டு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் வாங்கினார். வென்ற ஜனநாயகக் கட்சிக்காரருக்குப் பாதி வாக்குகூடக் கிடைக்கவில்லை. அது டெக்சஸைத் திடுக்கிட வைத்தது. ஆறே வருஷத்தில் எல்லாம் முடிந்தது. முன்யிஸ் போதைப்பொருள் வழக்கில் சிறைக்குப் போனார். கிரிஸ்டல் சிட்டியில் கட்சி கோஷ்டிகளாக உடைந்தது. 1978 தேர்தலில் கட்சிக்கு இரண்டு சதவீதமும் தேறவில்லை.

இந்த வீழ்ச்சியை வெறும் உட்கட்சிப் பூசலாகச் சொல்லி முடித்துவிடுவது எளிது. எரிவாயு விவகாரத்தைப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரியும். கிரிஸ்டல் சிட்டிக்கு எரிவாயு வழங்கிவந்த லோ-வாக்கா கம்பெனி, ஒப்பந்தத்தில் ஆயிரம் கன அடிக்கு 36 சென்ட் என்றிருந்த விலையை எழுபதுகளில் பல மடங்கு உயர்த்தியது. உயர்ந்த விலையைக் கட்ட மாட்டோம் என்று நகரசபை நின்றது. வழக்கு மேல்நீதிமன்றங்கள் வரை போய்த் தோற்றது. 1977 செப்டம்பரில் கம்பெனி குழாயை மூடிவிட்டது. ஊர் மொத்தத்துக்கும் எரிவாயு இல்லை. வசதியுள்ளவர்கள் சிலிண்டர் வாங்கினார்கள். மற்றவர்கள் விறகு பொறுக்கிச் சமைத்தார்கள். குளிர்காலத்தை அப்படியே கழித்தார்கள். அப்போது நகரசபையும் பள்ளி வாரியமும் கவுண்டி நீதிபதி நாற்காலியும் மெக்சிக அமெரிக்கர்களிடம்தான் இருந்தன. நிலமும் கிணறும் குழாயும் அவர்களிடம் இல்லை. கூட்டுப்பண்ணை வைக்க மத்திய அரசு தருவதாக இருந்த சுமார் பதினைந்து லட்சம் டாலரையும், டெக்சஸுக்குள் ஒரு குட்டிக் கியூபா உருவாகிவிடும் என்று சொல்லி ஆளுநர் டால்ஃப் பிரிஸ்கோ எதிர்த்தார். குத்தியேரெஸ் 1975இல் கியூபா போய்வந்து அந்தப் பேச்சுக்குத் தானே வசதி செய்துகொடுத்திருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதே கணக்கு இன்னும் துல்லியமாகத் தெரிவது சான் அன்டோனியோவில். நகரின் மேற்கே எட்ஜ்வுட் பள்ளி மாவட்டம், மாணவர்களில் தொண்ணூறு சதவீதம் மெக்சிக அமெரிக்கர். சில மைல் தூரத்தில் செல்வர்களின் அலமோ ஹைட்ஸ். பள்ளிப் பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர் சொத்து வரியிலிருந்து வர வேண்டும். 1967–68 கல்வியாண்டில் எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அலமோ ஹைட்ஸ்காரர்கள் 85 சென்ட்தான் கட்டினார்கள். கூடுதல் விகிதத்தில் கட்டிய எட்ஜ்வுட்டுக்கு உள்ளூரில் கிடைத்தது பிள்ளைக்கு 26 டாலர். குறைவாகக் கட்டியவர்களுக்கு 333 டாலர். 1968இல் எட்ஜ்வுட் மாணவர்களும் வெளிநடப்புச் செய்தார்கள். பெற்றோர்கள், டெமெட்ரியோ ரொட்ரிகெஸ் பெயரில், வழக்குப் போட்டார்கள். 1973இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. கல்வி அமெரிக்க அரசியல் சாசனம் உறுதி செய்யும் அடிப்படை உரிமை அல்ல என்றது தீர்ப்பு. டெக்சஸ் மாநில உச்ச நீதிமன்றம் இந்த நிதி ஏற்பாடு மாநில சாசனத்துக்கு விரோதம் என்று ஒருமனதாகச் சொல்ல 1989 வரை ஆயிற்று. முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, தீர்ப்பு வருவதற்குள் தானே பெற்றோராகியிருக்கும்.

அடையாளம் என்பதும் இந்த வழக்குகளில் மாட்டிக்கொண்டு படாத பாடு பட்டது. மெக்சிகோவோடு அமெரிக்கா செய்த 1848 உடன்படிக்கையின்படி மெக்சிகர்களுக்குக் குடியுரிமை கிடைத்ததால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் வெள்ளையர். 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவர்களைத் தனி இனமாக எண்ணியது. எதிர்ப்பு எழவே 1940இல் மறுபடி வெள்ளையராக்கியது. அந்த வெள்ளைமையை டெக்சஸ் எப்படிப் பயன்படுத்தியது என்பதற்கு ஹெர்னாண்டெஸ் வழக்கு சாட்சி. ஜாக்சன் கவுண்டியில் இருபத்தைந்து ஆண்டுகளாக ஜூரியில் ஒரு மெக்சிகப் பெயர்கூட இல்லை. ஜூரிகள் வெள்ளையர், குற்றம் சாட்டப்பட்ட ஹெர்னாண்டெஸும் சட்டப்படி வெள்ளையர், பாரபட்சம் எங்கே என்று கேட்டது மாநில அரசு. ஆனால் அதே நீதிமன்றக் கட்டடத்தில் ஆண்களுக்கு இரண்டு கழிப்பறைகள். ஒன்றில் பலகை கிடையாது. மற்றதில் கறுப்பர்களுக்கு என்று ஆங்கிலத்திலும், அதன் கீழே 'ஆண்கள் இங்கே' என்று ஸ்பானிய மொழியிலும் எழுதியிருந்தது. 1954 மே 3 அன்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் இந்தக் கழிப்பறைப் பலகையையும் குறிப்பிட்டு, மெக்சிக அமெரிக்கருக்கும் சமப் பாதுகாப்பு உண்டு என்றது. இரண்டே வாரத்தில், பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்ற பிரவுன் தீர்ப்பு வந்து அதை மறைத்துவிட்டது. அதற்குப் பிறகும் பல டெக்சஸ் ஊர்கள் கறுப்பினப் பிள்ளைகளையும் மெக்சிகப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் போட்டு, வெள்ளையரும் கறுப்பரும் கலந்தாயிற்று என்று கணக்குக் காட்டின. 1970இல் கார்ப்பஸ் கிறிஸ்டி வழக்கில்தான் மெக்சிக அமெரிக்கர் தனித்து அடையாளம் காணத்தக்க சிறுபான்மையினர் என்று ஒரு நீதிபதி எழுதினார். இன்றைக்கு அடையாள அரசியலைக் குறைசொல்கிறவர்கள், இவர்கள் அடையாளத்தைத் தேடிப் போகவில்லை, வேறு யாரோ எழுதிக் கையில் திணித்தார்கள் என்பதைச் சற்று யோசிக்கலாம்.

கிரிஸ்டல் சிட்டியிலிருந்து வடக்கே நாற்பது மைல் போனால் யுவால்டி. 1970 ஏப்ரல், அதாவது கிரிஸ்டல் சிட்டியில் வாரியம் கைமாறிய அதே மாதம், அங்கேயும் பிள்ளைகள் வெளிநடந்தார்கள். ராப் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்த மெக்சிக அமெரிக்க ஆசிரியர் ஹோசுவே கார்சாவின் பணியை வாரியம் நீட்டிக்க மறுத்தது காரணம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள், ஆறு வாரம். அங்கே வாரியம் வளையவில்லை. கலந்துகொண்டவர்களை அதே வகுப்பில் மறுபடி உட்கார வைத்தது. ஜெனோவேவா மொராலெஸ் என்ற தாய், பள்ளிகள் இனவாரியாகப் பிரிந்திருப்பதை எதிர்த்து வழக்குத் தொடுத்து மேல்முறையீட்டில் வென்றார். மாவட்டம் பல பத்தாண்டுகள் நீதிமன்றக் கண்காணிப்பில் இருந்தது. கார்சா பிற்காலத்தில் அந்த ஊருக்கே மேயரானார். ஊரின் ஒரு பள்ளிக்கு இன்று மொராலெஸ் பெயர் வைத்திருக்கிறார்கள். 2022 மே 24 அன்று அதே ராப் பள்ளியில்தான் ஒரு துப்பாக்கிக்காரன் பத்தொன்பது பிள்ளைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் சுட்டுக் கொன்றான். நூற்றுக்கணக்கான காவலர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வெளியே காத்து நின்றார்கள். துப்பாக்கி வாங்கும் வயதையாவது உயர்த்துங்கள் என்று பெற்றோர்கள் மாநிலத் தலைநகருக்கு நடையாய் நடந்தார்கள். அந்த நவம்பரில், லத்தீனோக்கள் பெரும்பான்மையாக உள்ள யுவால்டி கவுண்டியில் அதிக வாக்குகள் பெற்றவர் அந்தக் கோரிக்கையை ஏற்காத ஆளுநர் கிரெக் அபட்தான்.

இதை முரண் என்று வியக்கிறவர்கள் லத்தீனோ வாக்கு என ஒன்று பொட்டலமாக எங்கோ இருப்பதாக நினைக்கிறார்கள். ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் ஸ்டார் கவுண்டி, மக்களில் 97 சதவீதம் லத்தீனோக்கள். நூறாண்டுக்கும் மேலாக ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்த அந்தக் கவுண்டி 2024இல் டிரம்பைத் தேர்ந்தெடுத்தது. எல்லைக் காவல் படையிலும் எண்ணெய் வயலிலும் வேலை பார்க்கும் குடும்பங்கள் அங்கே அதிகம். தலைமுறைகளாக ஒரே கட்சி ஆண்ட கவுண்டியில் பள்ளி வாரியமும் நகரசபையும் சொந்தபந்தங்களின் கையில் இருப்பதைப் பார்த்தவர்கள் அவர்கள். கிரிஸ்டல் சிட்டிக்கே 2016இல் அந்த அவமானம் நேர்ந்தது. மேயர், நகர மேலாளர், சபை உறுப்பினர்கள் என ஒருவர் பின் ஒருவராக மத்தியப் புலனாய்வாளர்களிடம் சிக்க, குற்றச்சாட்டில் மாட்டாத உறுப்பினர் ஒருவர்தான் மிஞ்சினார். நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்பதற்காகச் சிந்திய வியர்வை, உட்கார்ந்தவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்கவும் தேவைப்படுகிறது. இரண்டாவது வேலைக்கு யாரும் ஊர்வலம் போவதில்லை.

குத்தியேரெஸோடு 'மாயோ'வைத் தொடங்கிய வில்லி வெலாஸ்கெஸ் வேறு முடிவுக்கு வந்திருந்தார். தனிக் கட்சி வேண்டாம், வாக்காளர் பட்டியல் போதும் என்பது அவர் எண்ணம். 1974இல் சான் அன்டோனியோவில் தென்மேற்கு வாக்காளர் பதிவுத் திட்டத்தைத் தொடங்கினார். உங்கள் வாக்கே உங்கள் குரல் என்பது அதன் முழக்கம். 1975இல் வாக்குரிமைச் சட்டம் ஸ்பானிய மொழியினருக்கும் விரிந்தது. டெக்சஸ் தன் தேர்தல் விதியை மாற்ற வேண்டுமானால் மத்திய அரசின் முன் அனுமதி வாங்க வேண்டும் என்றாயிற்று. சான் அன்டோனியோ நகரசபை முழு நகரத்துக்குமான பொது வாக்களிப்பைக் கைவிட்டு 1977இல் வட்டவாரித் தேர்தலுக்கு மாறியது. நான்கே ஆண்டில் ஹென்றி சிஸ்நெரோஸ் மேயரானார்; நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்த மெக்சிக அமெரிக்கர். மேடையில் குத்தியேரெஸ் அளவுக்கு வெலாஸ்கெஸ் பேசப்படவில்லை. 1988இல், நாற்பத்து நான்கு வயதில் இறந்துபோனார். ஆனால் இருவரில் யாருடைய வேலை நிலைத்தது என்று கேட்டால், சலிப்பூட்டும் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தவருடையதுதான் என்றே சொல்ல வேண்டும்.

நிலைத்தது என்பதும் பாதி உண்மை. முன் அனுமதி ஏற்பாட்டை 2013இல் உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது. 2010க்கும் 2020க்கும் இடையில் டெக்சஸின் மக்கள்தொகை சுமார் நாற்பது லட்சம் கூடியது. அதில் ஏறக்குறைய பாதி லத்தீனோக்கள். அந்த வளர்ச்சியால் மாநிலத்துக்கு இரண்டு புதிய நாடாளுமன்றத் தொகுதிகள் கிடைத்தன. இரண்டில் ஒன்றுகூட லத்தீனோ பெரும்பான்மைத் தொகுதியாக வரையப்படவில்லை. 2025இல், அடுத்த கணக்கெடுப்புக்குக் காத்திராமல், எல்லைகள் மறுபடி வரையப்பட்டன.

இன்று டெக்சஸின் அரசுப் பள்ளிகளில் படிப்பவர்களில் பாதிக்கு மேல் லத்தீனோக்கள். நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் பதினான்கு லட்சம் லத்தீனோக்கள், பெரும்பாலும் பதினெட்டு வயதாவதால், புதிதாக வாக்குரிமை பெறுகிறார்கள். ஆக, இந்தச் சமூகத்தின் புதிய வாக்காளர் இன்னமும் பள்ளிக்கூடத்தில்தான் உருவாகிறார். டெக்சஸ் சட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளி முதல்வரும் துணை வாக்காளர் பதிவாளர். தகுதியுள்ள மாணவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது பதிவுப் படிவம் தர வேண்டும். பதினேழு வயது பத்து மாதம் நிறைந்தவர் விண்ணப்பிக்கலாம். பல பள்ளிகள் இதைச் செய்வதில்லை என்று குடிமை உரிமை அமைப்புகள் திரும்பத் திரும்பப் புகார் செய்துவருகின்றன. படிவங்களை மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டால் இலவசமாகவே அனுப்பிவைப்பார்கள். கேட்க வேண்டியது முதல்வர்.